ரோபாட்டிக்ஸ் ஆசிரியரை எதைக் கொண்டு அளப்பது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் சாலையிலும் தஞ்சாவூர் சாலையிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இப்படியொரு மாவட்டக் கல்லூரியில் கணினிப் பொறியியலோ ரோபாட்டிக்ஸோ கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் பதவி உயர்வு கேட்டால், எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அவருடைய ஆய்வகத்தில் ஓடுகிற இயந்திரம் ஏதும் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. இந்த நடைமுறையின் நன்மையையும் கேட்டையும் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். ரோபாட்டிக்ஸ் என்ற துறையே கட்டுரைகளால் வளர்ந்தது. ரோபோ கையின் ஒவ்வொரு மூட்டையும் நான்கு அளவுகளால் விவரிக்கும் முறையை டெனாவிட்டும் ஹார்ட்டன்பர்க்கும் 1955-இல் வெளியிட்டார்கள். பிழையுள்ள அளவீடுகளிலிருந்து நம்பத்தக்க மதிப்பீட்டைப் பெறும் வழியைக் கால்மன் 1960-இல் எழுதினார். இரண்டும் இன்றுவரை வகுப்பறைப் பாடம். மேலும், ஆசிரியரின் உயர்வைப் பணிமூப்பும் சிபாரிசும் மட்டும் தீர்மானிப்பதைவிட, முகம் தெரியாத வல்லுநர்கள் படித்து ஏற்றுக்கொண்ட கட்டுரை தீர்மானிப்பது நியாயமானது. கீரனூரிலிருந்து எழுதினாலும் சென்னையிலிருந்து எழுதினாலும் நல்ல கட்டுரை நல்ல கட்டுரைதான். சின்ன ஊர் ஆசிரியருக்கு இது பெரிய வாசல்.

அந்த வாசல் எண்ணிக்கையாகச் சுருங்கியபோதுதான் கேடு தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் அறிவியல், பொறியியல் கட்டுரை ஒன்றுக்கு 8 மதிப்பெண். உள்நாட்டுக் காப்புரிமைக்கு 7. தோப்பில் ஓடி, உழவர் கையில் நிலைத்த ஒரு கருவிக்கென்று தனி வரிசை அதில் இல்லை. எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் யுஜிசி தான் ஏற்றிருந்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அடுத்து வந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பட்டியலை மாற்றி மாற்றிப் போட்டதால் நோய் தீரவில்லை. அளவுகோல் அப்படியே இருந்ததுதான் காரணம்.

ரோபாட்டிக்ஸுக்கு இதனால் வரும் சேதம் மற்றத் துறைகளைவிட அதிகம். கணினித் திரைக்குள் ரோபோவை ஓட்டிப் பார்க்கும் கசீபோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வகம் கட்டப் பணமில்லாத கல்லூரிக்கு இவை வரம். ஆனால் விரைவாகக் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடியில் ஆய்வு திரையோடு நின்றுவிடுகிறது. கந்தர்வகோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்பில் இறங்கினால்தான் உண்மை தெரியும். சருகு மூடிய செம்மண்ணில் சக்கரம் வழுக்கும். சக்கரம் சுற்றிய கணக்கை நம்பினால், போகாத தூரத்தைப் போனதாக ரோபோ நினைத்துக்கொள்ளும். உச்சிவெயிலும் மரநிழலும் மாறி மாறி விழும் இடத்தில் கேமரா தடுமாறும். இந்தத் தடுமாற்றங்களைத் தீர்ப்பதுதான் உண்மையான ஆராய்ச்சி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். முடிவில் கட்டுரை ஒன்றுதான் தேறும்.

மாணவர்களும் இதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். இறுதியாண்டுத் திட்டத்தை ‘புராஜெக்ட் சென்டரில்’ விலைக்கு வாங்கி ஒப்படைப்பது ஊரறிந்த செய்தி. ஆசிரியரின் உழைப்பையே எண்ணிக்கையால் மதிக்கும் இடத்தில், மாணவரிடம் மட்டும் கைவேலையை எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சென்னை ஐஐடியின் ‘ஹோமோசெப்’ சான்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்காமல் சுத்தம் செய்யும் இந்த ரோபோ, பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டலில் ஒரு மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2022-இல் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அதை அனுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐஐடிக்குப் பணம் இருக்கிறது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. மும்பை ஐஐடியின் ‘இ-யந்திரா’ திட்டம் மத்திய அரசின் நிதியுதவியோடு நாடெங்கும் சாதாரணக் கல்லூரி ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்து, அவர்கள் கல்லூரிகளில் ரோபாட்டிக்ஸ் ஆய்வகம் அமைக்க உதவி வருகிறது.

அதேநேரம், கருவி மட்டும் போதும், கட்டுரை வேண்டாம் என்பதும் தவறு. மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி, 2014-இல் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுவனை உயிரோடு மீட்டது. 2019 அக்டோபரில், நமக்குப் பக்கத்தில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, பல குழுக்கள் கருவிகளோடு ஓடிவந்தும் காப்பாற்ற முடியவில்லை. தனி மனிதர் ஒருவரின் சாதனையை எடுத்து, பல விட்டமும் பல ஆழமும் உள்ள கிணறுகளில் சோதித்து, எது பலிக்கும், எது பலிக்காது என்று அளந்து எழுதி, அடுத்தவர் மேம்படுத்தும்படி தருவது கல்விக்கூடத்தின் கடமை. நல்ல கட்டுரையின் வேலையும் அதுதான்.

ஆகவே கட்டுரை இருக்கட்டும், எண்ணிக்கை போகட்டும். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தனது சிறந்த மூன்று படைப்புகளைக் காட்டினால் போதும் என்று வைக்கலாம். அவற்றில் ஒன்றாவது வெளியாட்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டிய இயந்திரமாகவோ, பிறர் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருளாகவோ இருக்க வேண்டும். இயந்திரத்தோடு அதன் சோதனை அளவீடுகளையும், தோற்றுப்போன முயற்சிகள் உட்பட, பொதுவில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் மாணவரோடு செலவிடும் நேரம் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிப் பெண்கள்வரை சைக்கிள் ஓட்டினார்கள். ஓட்டத் தெரிவதும் கல்விதான் என்று துணிந்து ஏற்றுக்கொண்ட மண் இது. அந்தத் துணிவு பொறியியல் கல்லூரிகளுக்கும் வர வேண்டும். கல்லூரி நிர்வாகங்களும் அண்ணா பல்கலைக்கழகமும் ரோபாட்டிக்ஸ் ஆசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் புரட்டுமுன் அவருடைய ஆய்வகத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.