மாறாத கடவுளும் மரித்த கடவுளும்: ஒரு பழைய விவாதம் குறித்து

கிறிஸ்தவத்தின் மையத்தில் இரண்டு கூற்றுகள் அருகருகே இருக்கின்றன. கடவுள் மாறாதவர் என்பது ஒன்று. அந்தக் கடவுளின் வார்த்தையே மனிதனாகிப் பிறந்து, பசித்து, அழுது, சிலுவையில் மாண்டது என்பது மற்றது. முன்னதற்கு மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைக் காட்டுவார்கள். பின்னதற்கு யோவானின் முதலாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவரிடம் ஒரு கேள்வியை நியாயமாகவே கேட்கலாம்: மனிதனாக 'ஆன' பின்னும் அவர் எப்படி மாறாதவர்?

இதனைக் குருமடத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை. பாரமான கலைச்சொற்களைக் களைந்துவிட்டுப் பார்த்தால், கடவுளுக்கு நோகுமா என்பதுதான் கேள்வி. நோகாது என்றால், குண்டு விழுந்த வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தக் கடவுளால் என்ன பயன்? நோகும் என்றால், அவரும் எம்மைப்போல அகப்பட்டுக்கொண்டவர்தானே, அவர் யாரைத் தூக்கிவிடுவது? கடந்த நூற்றாண்டின் மேற்கத்தேய இறையியல் பெரும்பாலும் 'நோகும்' என்ற பக்கமே சாய்ந்தது. அந்தச் சாய்வில் நியாயம் உண்டு. ஆனால் பழைய பதிலைச் சரியாகக் கேளாமலே அது தோற்றதாக அறிவிக்கப்பட்டுவிட்டது என்பதே நாம் இங்கு சொல்ல வருவது.

பழைய பதிலை விளங்கிக்கொள்ளத் தமிழில் ஒரு வசதி உண்டு. பால் தயிரானது என்கிறோம். மகள் தாயானாள் என்றும் சொல்கிறோம். வினை ஒன்றுதான். ஆனால் தயிரான பின் பால் இல்லை. தாயான பின்னும் அவள் மகளாகவே இருக்கிறாள். இருந்ததை இழக்காமல் இல்லாத ஒன்றை ஏற்றுக்கொள்கிறாள். உவமை முழுதும் பொருந்தாது. தாயாகும் பெண் மாறத்தான் செய்கிறாள். எனினும் 'ஆதல்' என்பதெல்லாம் பால் தயிராவது போன்றதல்ல என்பதை உணர இது போதும். வார்த்தை மாம்சமானது என்பதை எந்த 'ஆதல்' என்று வாசிப்பது என்பதில்தான் ஐந்தாம் நூற்றாண்டின் சண்டை முழுவதும் அடங்கியிருந்தது.

428இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் பேராயரான நெஸ்தோரியஸ், மரியாளைக் 'கடவுளைப் பெற்றவள்' என்று அழைப்பதை ஆட்சேபித்தார். கடவுள் பிறந்தார், கடவுள் பால் குடித்தார், கடவுள் செத்தார் என்று பேசத் தொடங்கினால், மாறாதவரை மாறுகிறவராக ஆக்கிவிடுவோம் என்பது அவருடைய பயம். இந்தப் பயத்தை எம்மவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிவனுக்குக் கருவில் வரும் பிறப்பு இல்லை, பிறந்து இறப்பது பாசத்தில் கட்டுண்ட உயிர்களின் பாடு என்பது சைவசித்தாந்தத்தின் உறுதியான நிலைப்பாடு. அதில் வளர்ந்த ஒருவருக்கு நெஸ்தோரியஸின் தயக்கம் உடனே பிடிபடும்.

அவருக்கு எதிராக எழுந்த அலெக்சாந்திரியாவின் சிறில் கடவுள் மாறுகிறார் என்று வாதிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. மாறாதவர் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வார்த்தை தன் இயல்பை மாற்றி மாம்சமாகவில்லை என்பதைச் சிறில் நெஸ்தோரியஸுக்கு எழுதிய கடிதத்திலேயே அழுத்திச் சொல்கிறார். அவருடைய வாதம் வேறு. பிறந்தவரும் அறையப்பட்டவரும் யார் என்று கேட்டால், அதற்கு ஒரே ஒரு பெயர்தான் பதிலாக வரவேண்டும் என்றார். துன்பம் தெய்வ இயல்புக்குள் நுழையவில்லை. ஆனால் துன்பப்பட்ட அந்த உடல் வேறொருவருடையது அல்ல, வார்த்தையினுடையதே. துன்பப்பட முடியாதவர் துன்பப்பட்டார் என்ற முரணை அவர் கூசாமல் உச்சரித்தார்.

431இல் எபேசு சங்கம் நெஸ்தோரியஸைப் பதவியிலிருந்து நீக்கியது. பின்னர் அவர் எகிப்துக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். ஒளித்தும் எரித்தும் அழிக்கப்பட்ட அவருடைய எழுத்துகளில், நாடுகடத்தப்பட்ட நிலையில் எழுதிய தன்னிலை விளக்க நூல் ஒன்று சிரியாக் மொழிபெயர்ப்பில் தப்பி, 1910இல்தான் அச்சேறியது. அதைப் படித்தவர்களிற் பலர், அவர்மீது சுமத்தப்பட்ட 'இரண்டு கிறிஸ்து' என்ற குற்றச்சாட்டு அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று கண்டார்கள். வென்றவர்கள் எழுதிய தீர்ப்பைத் தோற்றவனின் வாயால் சரிபார்க்க ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சிறிலின் வாதத்தை ஏற்கும் நாம் அவருடைய அரசியலையும் சேர்த்து ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெஸ்தோரியஸின் ஆதரவாளர்களான அந்தியோக்கிய ஆயர்கள் வந்து சேர்வதற்கு முன்பே கூட்டத்தைத் தொடங்கித் தீர்ப்பெழுதியவர் அவர்.

451இல் கல்செதோன் சங்கம், கிறிஸ்துவின் இரு இயல்புகளும் ஒன்றுசேர்ந்த விதத்தை நான்கு எதிர்மறைச் சொற்களால் வேலி கட்டியது. கலப்பு இல்லை, மாற்றம் இல்லை, பிரிவு இல்லை, விலகல் இல்லை. 'எப்படி' என்பதை அது சொல்லவில்லை. எப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பதை மட்டும் சொன்னது. 553இல் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், மாம்சத்தில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவரே என்பதை ஏற்காதவர்களைக் கண்டித்தது.

நவீன வாசகர்கள் இந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தள்ளிவிடுவதுண்டு. மாறாத, நோகாத கடவுள் என்பது கிரேக்கத் தத்துவத்திலிருந்து கடன் வாங்கிய சரக்கு, விவிலியத்தின் கடவுளோ கோபிப்பவர், மனம் வருந்துபவர் என்பார்கள். அடோல்ஃப் ஹார்னாக் போன்றோர் இதனைப் பெரிய ஆய்வாகவே வளர்த்தார்கள். இதில் பாதி உண்மை உண்டு. தோமஸ் அக்குவினாஸ் தரும் தூண் உதாரணத்தைப் பாருங்கள்: ஒருவன் தூணைச் சுற்றி நடந்தால் தூண் அவனுக்கு இடமாகவும் வலமாகவும் ஆகிறது, ஆனால் தூண் மாறுவதில்லை, படைப்புக்கும் கடவுளுக்கும் உள்ள உறவும் அத்தகையது. தர்க்கம் சரி. ஆனால் தூணைக் கட்டிப்பிடித்து அழுதவர்களுக்குத் தெரியும், தூண் திரும்பக் கட்டிப்பிடிக்காது.

மறுபாதி உண்மை இதுதான். கிரேக்கக் கடவுளர் நோகாதவர்களாக இருந்ததற்கு அவர்கள் மனிதனாகி மாண்டவர்கள் அல்லர் என்பதும் ஒரு காரணம். கிறிஸ்தவர்களோ முதலிலிருந்தே இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காவலர் புடைசூழ ரோமாபுரிக்குக் கொல்லக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார், நோகாதவர் எமக்காக நோகக்கூடியவரானார் என்ற கருத்தை ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அது சாவுக்குப் போகும் வழியில் இருந்த ஒருவரின் நம்பிக்கை, தத்துவ வகுப்பில் பிறந்த சூத்திரம் அல்ல. 325இல் நிசேயா சங்கம் குமாரன் மாறக்கூடியவர் என்போரைச் சபித்ததற்கும் இதே பின்னணி உண்டு. மாறுகிறவர் என்றால் அவர் படைக்கப்பட்டவர், அப்படியானால் சிலுவையில் தொங்கியது கடவுள் அல்ல, கடவுள் அனுப்பிய இன்னொருவர். 'மாறாதவர்' என்ற சொல் இங்கே கடவுளைச் சிலுவையிலிருந்து தள்ளிவைக்கவில்லை. சிலுவையில் இருப்பவர் கடவுள்தான் என்பதைக் காக்கவே அது வந்தது.

இனி இருபதாம் நூற்றாண்டு. ஜப்பானியரான கசோ கிதமோரி கடவுளின் வேதனை பற்றிய தனது நூலை 1946இல் வெளியிட்டார். எனினும் உலகெங்கும் இவ்விவாதத்தைப் பரப்பியது 1972இல் வந்த யூர்கன் மோல்ற்மனின் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூலே. 1926இல் ஹம்பேர்க்கில் பிறந்த மோல்ற்மன், 1943 யூலையில் அந்நகர்மீது குண்டுமாரி பொழிந்தபோது விமான எதிர்ப்புப் படையில் நிறுத்தப்பட்டிருந்த பதினேழு வயதுப் பையன். 30,000க்கு மேற்பட்டோர் மாண்ட அந்த நாட்களில் பக்கத்தில் நின்ற நண்பன் குண்டுக்குப் பலியானான். 1945இல் பிரித்தானியரிடம் கைதியானவர் 1948இல்தான் வீடு திரும்பினார். முகாமில் யூதப் படுகொலையின் புகைப்படங்களைப் பார்த்தார். தன்னைக் கைவிட்டது ஏன் என்று கடவுளிடம் கேட்டு மடியும் யேசுவை மாற்குவின் சுவிசேஷத்தில் கண்டார். தன்னை விளங்கிக்கொண்ட ஒருவர் இருக்கிறார் என்று அப்போது உணர்ந்ததாகப் பின்னர் பல இடங்களில் எழுதினார்.

நோக முடியாத கடவுளால் நேசிக்கவும் முடியாது என்பது அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. குமாரன் சாவைத் துன்புறுகிறார், பிதா குமாரனின் இழப்பைத் துன்புறுகிறார். சிலுவை கடவுளுக்கும் கடவுளுக்கும் இடையே நடந்த ஒன்று என்கிறார். இந்நூலை நன்றியின்றி வாசிக்க எம்மால் இயலாது. அவுஷ்விற்சுக்குப் பின்னும் எதுவும் நடவாததுபோல் பிரசங்கித்துக்கொண்டிருந்த சபைகளுக்கு அது ஓர் அறை.

ஆனால் மூன்று இடங்களில் அது இடறுகிறது. முதலாவது, எலி வீசலின் 'இரவு' நூலில் முகாமில் தூக்கிலிடப்படும் சிறுவனின் காட்சி. கடவுள் எங்கே என்று ஒருவர் கேட்க, அதோ அந்தத் தூக்குமரத்தில் என்று கதைசொல்லியின் உள்ளே ஒரு குரல் எழுகிறது. மோல்ற்மன் அதனைத் துன்பத்தில் உடனிருக்கும் கடவுளுக்குச் சாட்சியாக எடுக்கிறார். வீசலின் பக்கங்களில் அது ஒரு யூதச் சிறுவனின் விசுவாசம் செத்த இடமாகவே எமக்குப் படுகிறது. இன்னொருவரின் இழவு வீட்டில் எமது ஆறுதலை ஏற்றிவைக்கக்கூடாது. இரண்டாவது, டொறத்தே சொல்லே 1973இலேயே சுட்டிக்காட்டியது. பிதா குமாரனைக் கையளித்தார் என்று கடவுளுக்குள்ளேயே காரியத்தை வைத்தால், பிதா கொலையாளியின் பக்கம் போய் நின்றுவிடுகிறார்.

மூன்றாவதுதான் பாரதூரமானது. அதனை எழுப்பியவர் கத்தோலிக்கரான யொஹான் பாப்ரிஸ்ற் மெற்ஸ். இவர் 1928இல் பவேரியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் படைக்கு இழுக்கப்பட்டார். ஓர் இரவு தகவல் ஒன்றைக் கொண்டு தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டவர், திரும்பி வந்தபோது தன் வயதுப் பையன்கள் நூறு பேருக்கு மேல் இருந்த அணி முழுவதும் பிணமாகக் கிடக்கக் கண்டார். பள்ளிப் பையன்களைப் பிடித்துச் சண்டைக்கு அனுப்பிய கதை எம்மவர்க்குப் புதிதல்ல. ஆகவே இந்த இருவரையும் எம்மால் தூரத்தில் வைத்துப் பார்க்க முடிவதில்லை.

ஒரே யுத்தத்திலிருந்து வந்த இருவரும் எதிர்த் திசைகளில் போனார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. கடவுளும் துன்புறுகிறார் என்ற பேச்சை மெற்ஸ் சந்தேகித்தார். துன்பத்தைக் கடவுளுக்குள் வைத்துவிட்டால் அது நித்தியமாகிவிடும், அழகாகியும் விடும். பிறகு யாரிடம் முறையிடுவது? அவருக்கு வேண்டியிருந்தது, கேட்கக் கடமைப்பட்ட ஒருவரை நோக்கி நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் உரிமை.

எமது தீர்ப்பும் இங்கிருந்தே பிறக்கிறது. மாம்சத்தில் துன்பப்பட்டார் என்ற சிறிலின் சொல்லைத் தயங்கிய ஒருவரின் சமாளிப்பு என்று வாசிப்பவர்கள் அதன் கூர்மையைத் தவறவிடுகிறார்கள். மாம்சத்தில் நடந்த துன்பத்துக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, ஆணையிட்டவனின் பெயர் உண்டு. விசுவாசப் பிரமாணம் பொந்தியு பிலாத்துவின் பெயரை வீணாகச் சுமந்துகொண்டு வரவில்லை. துன்பம் கடவுளின் இயல்பானால் அது குற்றம் என்ற நிலையிலிருந்து விலகி, பிரபஞ்சத்தின் விதியாகிவிடுகிறது. கடவுள் மாறாதவர் என்பது அவர் எம் வேதனைக்கு அந்நியர் என்ற கூற்றல்ல. எந்தச் சித்திரவதைக்காரனாலும் அவருடைய அன்பைத் திருத்தி எழுத முடியாது என்ற கூற்று.

1989 நவம்பர் 16இல் சன் சல்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இராணுவத்தினர் இயேசு சபைக் குருக்கள் ஆறு பேரையும், அங்கு வேலைசெய்த பெண்ணையும், அவருடைய பதின்ம வயது மகளையும் சுட்டுக் கொன்றார்கள். குருக்களில் ஒருவரின் உடல் அப்போது வெளிநாடு போயிருந்த யோன் சொப்ரினோவின் அறைக்குள் இழுத்துப் போடப்பட்டது. அங்கே புத்தகத் தட்டிலிருந்து விழுந்து இரத்தத்தில் தோய்ந்து கிடந்தது மோல்ற்மனின் அதே நூல். அது இன்றும் அங்கே கண்ணாடிக்குள் காக்கப்படுகிறது. 2024இல் மறைந்த மோல்ற்மன் இதனை மனம் கனத்துச் சொல்லிவந்தார். இதைவிடப் பெரிய சாட்சி ஒரு நூலுக்குக் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே கொலைகளுக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2020இல், ஸ்பெயின் நீதிமன்றம் ஒன்று முன்னாள் கேணல் இனொசென்ரே மொன்ரானோவுக்கு 133 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நூல் இரத்தத்தில் தோய்ந்ததை மட்டும் நினைவிலிருத்தி, தேதியையும் ஆணையிட்டவனையும் மறந்துவிட்டால், மெற்ஸ் பயந்தது நடந்துவிடும்.

இதையும் சொல்லாமல் விடக்கூடாது. கடவுள் மாறாதவர் என்ற கோட்பாட்டை, எதையும் மாற்ற விரும்பாதவர்கள் நூற்றாண்டுகளாகத் தமக்கு வசதியாகப் பாவித்திருக்கிறார்கள். மாறாத கடவுளின் பெயரால் மாறாத ஒழுங்கைக் காத்தார்கள். அவர்களுக்கு முன்னால் மோல்ற்மனின் நூலைத்தான் வைக்கவேண்டும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போகும்போது, அவருக்கும் நோகிறது என்பதோடு நிறுத்திவிடுவது போதாது. அவள் தேடுவது தன்னோடு அழுபவரை மட்டுமல்ல. பிள்ளையைக் கேட்டு வழக்காட, அந்த வழக்கு முடியும்வரை இடத்தைவிட்டு அசையாத ஒருவரையும் அவள் தேடுகிறாள்.