எந்தக் கை முதலில்?

தோள்பட்டையைப் பரிசோதிக்கக் கற்றுத்தரும் நல்ல ஆசிரியர், நோயாளி சட்டையைக் கழற்றும்போதே பாடத்தைத் தொடங்கிவிடுவார். நல்ல கை முதலில் வெளியே வரும். பிறகு நோகிற கையிலிருந்து சட்டை மெல்ல வழிந்து இறங்கும். எந்தப் பக்கம் வலி என்று கேட்கவே வேண்டாம். கேஸ் ஷீட்டில் தலைகுனிந்து பெயர் எழுதிக்கொண்டிருந்த மாணவருக்கு மட்டும் அது தெரியாமல் போகும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தோளுக்குப் பஞ்சமில்லை. சிப்காட் ஆலைகளில் தலைக்குமேல் ஸ்பானர் பிடிக்கும் கைகள், ரோஜாப் பண்ணையில் கத்தரி பிடிக்கும் கைகள், மாங்கூடை தூக்கும் கைகள். போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்தான். இந்தத் தோள்களோ அதற்கு வெகு முன்பிருந்தே பாடப்புத்தகமாக இருக்கின்றன.

மூட்டின் அமைப்பே வேடிக்கையானது. பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவோமே, ஏறக்குறைய அதுதான். பெரிய உருண்டை, ஆழமில்லாத சின்னக் குழி. நான்கு தசைநாண்கள் சுற்றி நின்று பழம் விழாமல் காக்கின்றன.

எனக்கு மிகப் பிடித்த இடம் முதுகுப் பக்கம். ஆசிரியர் நோயாளியின் பின்னால் நின்று, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் கையைத் தூக்கச் சொல்வார். கை 180 டிகிரி போகிறது என்றால், சுமார் 120 மூட்டின் பங்கு, 60 அந்த எலும்பு விலாவின்மேல் நழுவும் பங்கு. மூட்டு இறுகியிருந்தால் எலும்பு முந்திக்கொண்டு கிளம்பும், தோள் காதை நோக்கி எகிறும். 60க்கும் 120க்கும் நடுவில் மட்டும் முகம் சுளித்து, அதைத் தாண்டியதும் தெளிந்தால், மேலே எலும்புக்கூரைக்கடியில் தசைநாண் நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கட்டைவிரல் எலும்பிலும், கண் எதிர்க் கண்ணாடியில் தெரியும் முகத்திலும் இருக்க வேண்டும்.

'கொண்டை போட முடியல டாக்டர்' என்று ஓர் அம்மா சொன்னால், வெளிப்பக்கமாகத் திருப்பும் அசைவு போயிருக்கலாம். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, மருத்துவரே முன்கையை மெல்ல வெளியே திருப்பிப் பார்ப்பார். அவர் திருப்பினாலும் நகராமல், எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால், உறைந்த தோள். பாஸ்டன் மருத்துவர் காட்மன் 1934இல் வைத்த பெயர் அது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதிகம். தானாகத் தூக்க முடியாத கை, அடுத்தவர் தூக்கினால் லேசாக ஏறிவிட்டால் கதை வேறு: தசைநாண் கிழிந்திருக்கலாம்.

ஓசூரின் இந்த எல்லையோரத்தில் கட்டளைக்கும் மூன்று மொழி வேண்டும். கன்னடத்தில் 'கை எத்தி', தெலுங்கில் 'செய்யி எத்தண்டி'. மதுரைப் பையன் 'எத்து' என்று கேட்டால் காலைத்தான் தூக்குவான். வலிக்கு மட்டும் சிக்கலில்லை. கன்னடக்காரர் சொல்லும் 'நோவு' நம் பாட்டி சொன்ன நோவேதான்.

முடிந்ததும் ஆசிரியர் சட்டையை எடுத்து விரித்துப் பிடிக்கிறார். இப்போது வரிசை தலைகீழ், நோகிற கை முதலில். ஸ்டெத்தைப் பையில் திணித்துக்கொண்டு மாணவர்களில் பாதிப் பேர் அதற்குள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள்.