கானாவின் அடித்தாளமும் அலைவுறு தாழொலியும்: வடசென்னை இசைப்பதிவு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் முதலிய பகுதிகளின் உழைக்கும் மக்களிடையே வழங்கிவரும் கானா, மேசை, பானை, தகரம் எனக் கைக்கெட்டிய பொருள்களையே தாளக் கருவிகளாகக் கொண்டது. டோலக், சட்டி, கட்டமோளம் ஆகியனவும் அதன் துணைக்கருவிகளாயின. இன்று கணினிவழி ஒலிப்பதிவும் அதனோடு சேர்ந்துள்ளது. 'வாபிள் பாஸ்' எனப்படும் அலைவுறு தாழொலியைக் கானாவுக்குப் பொருத்தும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வொலி அயலானது, ஆகவே கானாவைக் கெடுக்கும் என மறுப்பதும், தாழொலி இரண்டுக்கும் பொதுவானது, ஆகவே எளிதில் இயையும் என ஏற்பதும் சிக்கலின் மையத்தைத் தொடுவதில்லை. அலைவை ஆள்வது கடிகாரமா, பாடுவோரின் மூச்சா என்பதே இங்கு எழும் வினா.

அலைவு உருவாகும் முறை

ஜமைக்காவின் டப் இசையையும் பெரும் ஒலிபெருக்கி மரபையும் உள்வாங்கி, 2000களின் தொடக்கத்தில் தெற்கு இலண்டனின் குரோய்டன் பகுதியில் உருப்பெற்றது டப்ஸ்டெப். அலைவுறு தாழொலி அதன் அடையாளங்களுள் ஒன்று. மேற்சுரங்கள் செறிந்த இரம்பப்பல் அலையொன்று, தாழ் அதிர்வெண்களை மட்டும் விடுக்கும் வடிப்பான் வழியே செலுத்தப்படுகிறது. அவ்வடிப்பானின் எல்லையை 'எல்.எஃப்.ஓ.' எனும் மெதுவான அலை மாறிமாறி உயர்த்தித் தாழ்த்துகிறது. இந்த அலை தானாகக் கேட்பதில்லை. அதன் விளைவான திறப்பும் மூடலுமே கேட்கின்றன. நிமிடத்திற்கு 140 அடிகள் கொண்ட பாட்டில், அடிக்கு மூன்று அலைவு எனில் நொடிக்கு 7 அலைவுகள் அமையும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஆழ்பகுதி மேல்அடுக்கின் அசைவால் தளர்ந்துவிடாதபடி, அதனைத் தனியொரு சைன் அலையாக நிலைநிறுத்துவது பதிவாளர் வழக்கம்.

ஒப்புமையும் வேற்றுமையும்

கானாவின் தாளம் பெரும்பாலும் மூன்றின் மடங்காக நடப்பதால், அடிக்கு மூன்று எனும் அலைவு அதனோடு கணக்களவில் இயைகிறது. இவ்வியைபு மேலோட்டமானது. டோலக்கின் பெரிய முகத்தில் அடித்தவுடன் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தினால் ஒலி குழைந்து மேலேறும். வளைகோலால் தேய்க்கப்படும் உறுமியும் இவ்வாறே குழையும். இங்கு மாறுவது சுருதி. வாபிளில் மாறுவது ஒலிநிறம். டோலக்கின் குழைவை நாடும் பதிவாளர் வடிப்பானை அசைப்பதால் அதனை அடைய இயலாது. சைன் அலையின் சுருதியையே 45 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு வளைத்தேற்றுவது போன்ற வழியே அதற்குப் பொருந்தும்.

இரண்டாம் வேற்றுமை இதனினும் ஆழமானது. இறந்தோர் வீட்டில் பாடப்படும் மரண கானாவில், பாடுபவர் இறந்தவரை விளித்து ஒரு சொல்லை நீட்டும்போது தாளக்காரர் கையை அடக்கிக் காத்திருக்கிறார். சொல் இறங்கிய பின்னரே அடி விழுகிறது. அந்த இடைவெளியே துக்கத்தின் அளவு. பாட்டின் வேகத்தோடு பூட்டப்பட்ட எல்.எஃப்.ஓ. இவ்வாறு காத்திராது. நீண்ட சொல்லின் அடியிலும் அது நொடிக்கு ஏழுமுறை துடித்துக்கொண்டே இருக்கும். விளைவாக, ஒப்பாரியின் இடம் ஆட்டத்தின் இடமாக மாறிவிடுகிறது. தாளக்காரரின் கை நீங்கும்போது அவரது பிழைப்போடு, கேட்டுக் காத்திருக்கும் அவரது அறிவும் பதிவிலிருந்து நீங்குகிறது.

இதற்கான மாற்று தொழில்நுட்பத்துள்ளேயே உள்ளது. முதலில் பாடகரைக் கடிகார ஒலியின்றிப் பாடச்செய்து, பாட்டின் வேக வரைபடத்தை அக்குரலிலிருந்தே வகுக்கலாம். வடிப்பானின் எல்லையைக் குரலின் உரப்போடு பிணைக்கலாம். அலைவின் ஆழத்தையும் வேகத்தையும் விசைப்பலகையின் மாடுலேஷன் சக்கரத்தால், பாட்டைக் கேட்டவாறே கையால் இயக்கலாம். இம்மூன்றாம் முறையில் டோலக் கலைஞரையே சக்கரத்தருகே அமர்த்துவது சிறப்பு.

கேட்கும் கருவி

கானா இன்று பெரிதும் கைப்பேசி வழியே பரவுகிறது. கைப்பேசியின் சிற்றொலிபெருக்கி சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மிகக் குறைவாகவே ஒலிக்கும். எனவே 50 ஹெர்ட்ஸ் அடியொலி தெருவின் பெரிய ஒலிபெருக்கியில் நெஞ்சைத் தொட்டாலும் கைப்பேசியில் மறைந்துபோகிறது. அவ்வொலியை மிதமாகச் சிதைத்து 200, 250, 300 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களை எழுப்பினால், அவற்றின் சீரான இடைவெளியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சுருதியைச் செவி உணர்ந்துகொள்ளும். காசிமேட்டில் கைப்பேசியோடு அமர்ந்திருப்பவரும் பாட்டின் அடித்தளத்தை இழக்காதிருக்க இம்முறை இன்றியமையாதது.

முடிவுரை

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்தபோது சட்டி, கட்டமோளம், பறை ஆகியவற்றை வாசிப்போரையும் மேடையில் நிறுத்தியது. புதிய ஒலி வருவதற்குப் பழைய கைகள் விலக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. மின்னணுப் பதிவுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். பாடுபவர் நிறுத்தும் இடத்தில் அலைவும் நிற்குமாயின், அத்தாழொலி கானாவின் ஒலியாகிவிடும். நில்லாதாயின், பதிவு எத்துணைத் துல்லியமாயினும் பாட்டின் அடியில் வேறொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும்.