துப்பாக்கியில் இலை வரைவதால் என்ன பயன்?

அமெரிக்க வேட்டைக்காரர்களின் தோற்றத்தையே மாற்றிய ஆண்டு 1986. ஜார்ஜியாவில் பில் ஜோர்டன் ‘ரியல்ட்ரீ’யையும் மிசிசிப்பியில் டாக்ஸி ஹாஸ் ‘மோஸி ஓக்’கையும், உருமறைப்பு வடிவ நிறுவனங்களாக, அந்த ஆண்டுதான் தொடங்கினார்கள். மரப்பட்டையையும் சருகையும் அச்சு அசலாகக் காட்டும் அந்த வடிவங்கள் துணியோடு நிற்காமல் துப்பாக்கிக்கும் ஏறின. ஆலையிலிருந்தே அப்படி வருபவை உண்டு. ஆனால் பலரும் மூன்று நான்கு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்களை வாங்கி, வீட்டு கராஜில் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். இது ஒளிந்திருக்க உதவுகிறதா, துப்பாக்கியைக் கெடுக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

யார் கண்ணுக்கு மறைக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். வெள்ளைவால் மானின் விழித்திரையில் நிறம் காணும் கூம்பு செல்கள் இரண்டே வகை: நீலத்துக்கு ஒன்று, மஞ்சள் கலந்த பச்சைக்கு மற்றொன்று. ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு நம் கண்ணுக்குப் போல எடுப்பாகத் தெரியாது. பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் வேட்டைக்குப் போகிறவர் தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாக 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது சட்டம். அதை அணிந்துகொண்டேதான் அங்கு மான்களை வீழ்த்துகிறார்கள். அப்படியிருக்க, துப்பாக்கிக் கட்டைக்கு எந்தப் பச்சை என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண் வேலை. காட்டு வான்கோழியின் கதை வேறு. அதற்கு நிறம் நன்றாகத் தெரியும்; அங்கே நிறப்பொருத்தத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த வேட்டைக்குப் பெரும்பாலும் எடுத்துப்போவது ரைஃபிள் அல்ல, ஷாட்கன்.

மான் வேட்டையில் ரைஃபிளைக் காட்டிக்கொடுப்பவை பளபளப்பும் நேர்க்கோடும்தான். நீலமேற்றிய இரும்புக் குழலை வெயிலில் சற்றுத் திருப்பினால் போதும், மின்னும். அடிப்பூச்சாக மங்கலான காக்கி நிறத்தை அடித்த உடனேயே இந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. வடிவம் எதையும் வரையும் முன்பே பாதி வேலை முடிந்தது.

நேர்க்கோட்டை உடைப்பதுதான் கடினம். வெளிச்சமும் நிழலும் காட்டிக்கொடுக்கும் உருளை வடிவத்தையும் அதோடு சேர்த்தே மறைக்க வேண்டும். விலங்குகளின் நிறங்களைப் பற்றி 1940-இல் பெரிய நூல் எழுதிய பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட், அதே ஆண்டில் ரயில்பாதையில் நின்ற இரு பீரங்கிகளில் ஒன்றுக்குத் தன் முறைப்படி வண்ணம் பூசினார்: வெளிச்சம் படும் மேற்பகுதி கருமை, நிழல் விழும் அடிப்பகுதி வெளிர்நிறம். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் மற்ற பீரங்கி தெளிவாகத் தெரிகிறது. காட் பூசியது, அது நிற்குமிடம் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் படுகிறது.

வீட்டில் பூசுபவர்களில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது நேர்க்கோட்டை உடைப்பதில்தான். பெரணி இலையை வைத்து அடிக்கிறார்கள். துணி துவைக்கும் வலைப்பையைச் சுற்றி அடித்துப் பாம்புச் செதில் கொண்டுவருகிறார்கள். மேசைமேல் கொள்ளை அழகு. கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் அந்தச் சின்னச் சின்ன வடிவமெல்லாம் கரைந்து ஒரே கருப்புத் திட்டாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய தவறு, கட்டையைத் தனியாகவும் குழலைத் தனியாகவும் பூசுவது. அப்போது துப்பாக்கியின் வடிவக்கோடு அப்படியே பிழைத்துக்கொள்கிறது. கையகலத் திட்டு ஒன்று கட்டையில் தொடங்கிக் குழல்மேல் ஏறி ஸ்கோப் வரை போனால்தான் விளிம்பு உடையும். அதற்கு இரண்டு நிறமும் ஒரு ஸ்பாஞ்சும் போதும்.

கெடுதல் என்று பார்த்தால், பெயின்ட்டைவிட அவசரமே குற்றவாளி. முதலில் எண்ணெய்ப்பசை முழுவதும் போக வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு உரியும். குழல்வாயைக் காதடைக்கும் நுரைத்தக்கையால் மூடி, ஸ்கோப் கண்ணாடி, விசை, சேஃப்டியின் சிவப்புப் புள்ளி, வரிசை எண் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்ட வேண்டும். கட்டையில் முட்டாமல் நிற்கும்படி அமைத்த குழல் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் நடுவே நுழைத்து இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். பெயின்ட் வழிந்து அந்த இடைவெளியில் கட்டிதட்டினால் நோட்டு சிக்கும். குண்டு விழும் இடமும் மாறக்கூடும். ஒளிவதற்காகக் குறியை இழப்பது மன்னிக்க முடியாத வியாபாரம்.

டப்பா பெயின்ட் நீடிக்காது என்பது உண்மைதான். கை படும் இடங்களில் தேயும், துப்பாக்கி கழுவும் கரைப்பானுக்கு இளகும், டீட் கலந்த கொசு விரட்டிக்கும் அதே கதி. செராகோட் நிறுவனத்தின் அடுப்பில் சுடும் வகைப் பூச்சைப் பொதுவாக 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் சுடுகிறார்கள். உறுதியில் டப்பா பெயின்ட் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் எளிதில் போவதை நான் இதன் பலமாகவே பார்க்கிறேன். இலையுதிர்காலத்துப் பழுப்பைப் பனிக்காலத்தில் மாற்றலாம், தேய்ந்த இடத்தில் மறுபடி அடிக்கலாம். அந்தத் தேய்மானமே விளிம்பை இன்னும் மங்கச் செய்கிறது.

ஆகவே பிளாஸ்டிக் கட்டை போட்ட சாதாரண உழைப்பாளி ரைஃபிளுக்கு இதைத் தயங்காமல் செய்யலாம்: மங்கலான அடிப்பூச்சு, பெரிய திட்டுகள், வெளிர்ந்த அடிப்பகுதி. இலை வேண்டாம். வால்நட் கட்டையும் நீலமேற்றிய இரும்பும் கொண்ட, 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 போன்றவற்றில் ஸ்ப்ரே டப்பாவைக் காட்டவே கூடாது. சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பது அந்த மூலப்பூச்சுக்குத்தான். பெயின்ட்டைக் கரைத்தெடுக்கும்போது கட்டையின் பூச்சும் கூடவே போய்விடும். அதை மறைத்தே ஆக வேண்டுமென்றால் பசையில்லாத, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் துணி டேப்பைச் சுற்றலாம். ஆனால் அதன் அடியில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். மழையில் நனைந்த அன்றே அவிழ்த்து, துடைத்து, எண்ணெய் பூசிவிட வேண்டும்.