சோதனையும் பாவமும்: ஜான் பனியனின் பயணியும் கிருஷ்ணபிள்ளையின் ஆத்தும விசாரியும்

ஆய்வுச் சுருக்கம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைத் தழுவி எழுந்த காப்பியம். இவ்விரு நூல்களையும் விசுவாசி தன் மனவுறுதியால் சோதனைகளை ஒவ்வொன்றாக வென்று முன்னேறும் வீரகதையாக வாசிப்பது வழக்கம். மூலக்கதையின் சில நிகழ்வுகளை நுணுகி நோக்கின் அவ்வாசிப்பு நிலைபெறாது என்பதையும், சோதிக்கப்படுதல் வேறு, பாவத்துக்கு இசைதல் வேறு என்னும் வேறுபாடே பனியனின் மையக் கவலை என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது. தமிழ்க் காப்பியம் அக்கவலையை எவ்வாறு ஏற்றது, எதனை இழந்தது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன், சோதனை, இசைவு, உருவகம், ஐம்பொறி.

முன்னுரை

கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிப் பகுதியில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனை ஆழக் கற்று, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் உடையது. ஆசிரியருக்குக் 'கிறித்தவக் கம்பர்' என்னும் சிறப்புப் பெயர் வழங்குகிறது. இப்பெயர் ஆய்வுலகுக்கு ஒருவகையில் இடையூறாகவும் அமைந்துவிட்டது. கம்பனின் சொல்லும் சந்தமும் எங்கெங்கு எதிரொலிக்கின்றன என்று தேடுவதில் காட்டப்படும் ஆர்வம், காப்பியம் எடுத்துக்கொண்ட வினாவில் காட்டப்படுவதில்லை. மன்னிப்புப் பெற்ற பின்னரும் மனிதன் ஏன் சோதிக்கப்படுகிறான், அவன் எதனைக் கொண்டு நிற்கிறான் என்பதே அவ்வினா.

பனியன் தரும் உருவகப் பெயர்கள் இக்கட்டுரையில் பொருள் நோக்கித் தமிழில் தரப்படுகின்றன.

சோதனை என்னும் சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'பெய்ராஸ்மோஸ்' என்னும் ஒரே சொல், ஒருவனுடைய உறுதியைப் பரிசோதித்தல், தீமைக்கு இழுத்தல் என்னும் இரு பொருளையும் தாங்குகிறது. ஆங்கிலம் இவற்றுக்கு இருவேறு சொற்களை வைத்திருக்கிறது. தமிழ் விவிலிய மரபோ 'சோதனை' என்னும் ஒரு சொல்லையே பெரிதும் கையாண்டு கிரேக்கத்தின் இருபொருளைக் காத்துக்கொண்டது. யாக்கோபின் நிருபம் முதல் அதிகாரத்தில், சோதனைகளைச் சந்திக்கும்போது மகிழுமாறு கூறும் பகுதியும், தேவன் ஒருவனையும் சோதிப்பதில்லை என்னும் பகுதியும் அடுத்தடுத்து வருவதால் தமிழ் வாசகர் திகைப்பதுண்டு. இத்திகைப்பு மொழிபெயர்ப்பின் குறையன்று. ஒரே நிகழ்வு ஒருவனை உறுதிப்படுத்தவும் கூடும், வீழ்த்தவும் கூடும் என்பதை அச்சொல் மறைக்காமல் வைத்திருக்கிறது.

அதே அதிகாரம் மற்றொன்றையும் கூறுகிறது. இச்சை கருக்கொண்டு பாவத்தைப் பிறப்பிக்கிறது என்பது அதன் உருவகம். கருக்கொள்ளுதலுக்கு முன்னர் ஒரு நிலை உண்டு என்பது இதில் அடங்கியுள்ளது. அந்த இடைவெளியிலேயே பனியனின் எழுத்து முழுதும் இயங்குகிறது.

தன்வரலாற்றில் ஒரு குரல்

பனியன் (1628–1688) பெட்ஃபோர்டுக்கு அருகில் எல்ஸ்டோவில் பிறந்தவர். பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அரசின் ஒப்புதலின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். சிறைக்காலத்தில், 1666இல், அவர் வெளியிட்ட ஆன்மிகத் தன்வரலாறு, பின்னர் 1678இல் வந்த பயணக் கதையைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது.

அதில் ஒரு சோதனை விரிவாக விவரிக்கப்படுகிறது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஏறத்தாழ ஓராண்டு அவரை விடாமல் தொடர்ந்தது. உண்ணும்போதும், குனிந்து ஓர் ஊசியை எடுக்கும்போதும், விறகு பிளக்கும்போதும், இதற்காக விற்றுவிடு, அதற்காக விற்றுவிடு என்று அது தூண்டியது. எதிர்த்து எதிர்த்துக் களைத்த ஒரு காலையில், போனால் போகட்டும் என்னும் எண்ணம் மனத்தில் ஓடியதாக உணர்ந்தார். அதன்பின் நெடுங்காலம், தலைமகனுரிமையை ஒருவேளை உணவுக்கு விற்ற ஏசாவின் நிலையே தன் நிலை என்று நடுங்கினார். ஓராண்டு எதிர்த்துநின்றது அவர் கணக்கில் சேரவில்லை, ஒரு கணம் மட்டுமே சேர்ந்தது. அக்கணத்தில் நிகழ்ந்தது இசைவா, களைப்பா என்பதை அவராலேயே அறுதியிட முடியவில்லை.

விசுவாசம் உண்மையாக இருந்தால் தீய எண்ணமே எழாது என்று நம்புவோர் இன்றும் பலர். அவ்வாறு நம்பித் தம்மைத் தாமே தீர்ப்பிட்டுக்கொள்வோரின் நிலையைப் பனியன் உள்ளிருந்து அறிந்தவர். ஆகவே அவருடைய கதையை மனவலிமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி எனலாம்.

இரு காட்சிகள்

மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கிறிஸ்தியான் இருளில் கடக்கும்போது, ஒரு தீய ஆவி பின்னால் மெல்ல நெருங்கித் தேவதூஷணச் சொற்களை அவன் செவியில் ஓதுகிறது. அவை தன் மனத்திலிருந்தே எழுந்தன என்று அவன் எண்ணிக்கொள்கிறான். வேறெந்தத் துன்பத்தையும்விட இதுவே அவனை வருத்துகிறது. அவனுக்குத் தெரியாததை ஆசிரியர் வாசகருக்குத் தெரிவித்துவிடுகிறார்: சொற்கள் அவனுடையவை அல்ல. தன்வரலாற்றில் தனக்குக் கிட்டாத தெளிவைப் பனியன் தன் பாத்திரத்தின் தலைக்கு மேலாக வாசகருக்கு வழங்குகிறார்.

இதற்கு மாறான காட்சி, உடன்பயணியான உண்மையுள்ளவன் தன் அனுபவமாகக் கூறுவது. முதலாம் ஆதாம் என்னும் முதியவன் அவனைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். மாமிச இச்சை, கண்களின் இச்சை, வாழ்வின் செருக்கு என்னும் தன் மூன்று புதல்வியரையும் மணமுடித்துத் தருவதாகச் சொல்கிறான். உண்மையுள்ளவனின் மனம் சற்றே சாய்கிறது. பின்னர் முதியவனின் நெற்றியில் எழுதியிருப்பதைக் கண்டு மறுத்து விலகுகிறான். விலகும்போது முதியவன் அவன் தசையைப் பற்றி இழுத்த இழுப்பில், தன்னில் ஒரு பகுதியே பிய்ந்துபோனதாக உணர்கிறான். மறுத்தவனுக்கு அமைதி கிட்டவில்லை, வலிதான் கிட்டுகிறது. அதுமட்டுமன்று, குன்றின்மேல் ஒருவன் விரைந்து வந்து அவனை அடித்து வீழ்த்துகிறான். ஏன் என்று கேட்டால், உன் மனம் மறைவாக அந்த முதியவன்பால் சாய்ந்ததற்காக என்கிறான். இரக்கம் கேட்டால், இரக்கம் காட்டத் தனக்குத் தெரியாது என்கிறான். அவன் மோசே. கைகளில் துளையுடைய ஒருவர் அவ்வழியே வந்து நிறுத்தச் சொன்ன பின்னரே அடி நிற்கிறது.

முதற்காட்சியில் கேட்ட சொல்லுக்குக் கிறிஸ்தியான் பொறுப்பாளி அல்லன். இரண்டாவதில் செயலாக மாறாத சாய்வுக்கே தண்டனை விழுகிறது. இவ்விரண்டையும் முரண் என்று தள்ளிவிட முடியாது. வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் உள்ளிருந்து எழும் சாய்வுக்கும் எல்லை வகுக்க வேண்டும் என்பதைப் பனியன் ஒப்புகிறார். ஆனால் சோதிக்கப்படுபவனே அவ்வெல்லையைச் செவ்வையாகக் காண்பான் என்று அவர் நம்பவில்லை. ஒருவன் தானல்லாததைத் தானென்று அஞ்சுகிறான். மற்றவன் தான் மறுத்துவிட்டதாக நினைத்ததற்கு அடிபடுகிறான்.

வாயில்கள்

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஐம்பொறிகள் நினைவுக்கு வருவது இயல்பு. பொறிகளை ஆமைபோல் உள்ளடக்கும் உவமை குறளிலேயே உண்டு. பனியன் 1682இல் வெளியிட்ட மற்றோர் உருவக நூல், ஆன்மாவை ஐந்து வாயில்களுடைய கோட்டை நகரமாக அமைக்கிறது. செவி, கண், வாய், மூக்கு, தொடுவுணர்வு என்பன அவ்வாயில்கள். ஒற்றுமை வியப்பளிப்பது. எனினும் வேறுபாடே நமக்குப் பயன்தருவது. அந்நகரத்தின் வாயில்களை வெளியிலுள்ள எவரும் வலிந்து திறக்க முடியாது. உள்ளிருப்போர் இசைந்தால் மட்டுமே திறக்கும். துறவு நூல்கள் பொறியை அடக்குவதில் கருத்தூன்ற, பனியனோ வாயிற்காவலரின் மனத்தில் கருத்தூன்றுகிறார் எனலாம்.

படைக்கலங்களைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. அப்பொல்லியோனைக் காணும் கிறிஸ்தியான், தன் கவசம் முதுகை மறைப்பதில்லை என்பதால் ஓடாமல் நிற்கிறான். அவ்வளவே அவன் வீரம். அடுத்த பள்ளத்தாக்கில் வாள் பயன்படாமற்போகவே வேண்டுதலையே கருவியாகக் கொள்கிறான். அவனிடம் உள்ள யாவும் பிறர் தந்தவை.

காப்பியத்தின் பேறும் இழப்பும்

பனியனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணி சிலுவையைக் காண்கிறான், முதுகுச்சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. இயேசுவின் பாடுகள் அங்கு விரிக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்து இரட்சணிய சரித படலத்தில் அப்பாடுகளைக் காப்பிய விரிவோடு பாடுகிறார். பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றதும் இப்பகுதியே. இதனைத் தமிழ்க் காப்பிய மரபுக்கான அணி என்று மட்டும் கருதுவது போதாது. சோதனையை வெல்லும் ஆற்றல் பயணியிடம் இல்லை, வேறிடத்திலிருந்து வருகிறது என்பதை, அவ்விடத்தையே நூலின் உணர்ச்சி மையமாக்கிக் கிருஷ்ணபிள்ளை காட்டுகிறார். ஆரணிய பருவம் அதன் பின்னரே வருகிறது. இராமகதையிலும் ஆரணியமே துன்பங்கள் சூழும் களம் என்பதை அறிந்த வாசகருக்கு, மன்னிப்பின் பின் காடு காத்திருக்கிறது என்னும் செய்தி பருவப்பெயரிலேயே கிட்டிவிடும். தலைவனுக்கு 'ஆத்தும விசாரி' என்று பெயரிட்டதும் நுட்பமானது. விசாரம் என்பது ஆராய்ச்சியும் ஆம், கவலையும் ஆம். கதையின் இடையிடையே அமையும் தேவாரங்கள் அக்கவலையை வேண்டுதலாக மாற்றுகின்றன.

இழப்பும் உண்டு. பனியனின் மாந்தர் சாலையில் பேசிக்கொள்ளும் எளிய மக்கள். அவர்தம் தயக்கமும், சாக்குப்போக்கும், பாதி வாக்கியமும் சோதனை எவ்வாறு நுழைகிறது என்பதை வெளிப்படுத்துகின்றன. விருத்தத்தின் பெருமித நடையில் அத்தயக்கத்துக்கு இடம் குறைவு. மனம் சாய்கின்ற அந்தச் சிறு கணத்தை, நிறைந்தொழுகும் சீர்கள் கடந்து சென்றுவிடுகின்றன. கிருஷ்ணபிள்ளையின் புலமையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. அவர் தேர்ந்த வடிவம் வேண்டுதலுக்கு இசைந்த அளவு, உள்மனப் பேச்சுக்கு இசையவில்லை என்பதே என் கருத்து.

பக்கப் புல்வெளி

அவ்விழப்பின் அளவை உணர, மூலக்கதையின் புல்வெளி நிகழ்வு ஒன்று போதும். பாதை கரடுமுரடாக இருக்கிறது, பயணிகளின் கால்கள் நோகின்றன. பாதையை ஒட்டியே ஒரு புல்வெளி, அதனுள் செல்ல ஒரு படி. இங்குப் பேயும் இல்லை, அழகிய பெண்டிரும் இல்லை. நொந்த கால்கள் மட்டுமே உள்ளன. தயங்கும் தோழனை, இதுவும் அதே திசையில்தானே போகிறது என்று சொல்லி இணங்கவைப்பவன், அப்பொல்லியோனை எதிர்த்து நின்ற கிறிஸ்தியானே. விளைவாக இருவரும் நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் ஐயக் கோட்டையில் புதன் காலை முதல் சனி இரவு வரை அடைபடுகிறார்கள். அரக்கன் அவர்களைக் கொல்வதில்லை. தம்மைத் தாமே கொன்றுகொள்ளுமாறு அறிவுறுத்துகிறான். பாவத்தைவிட, பாவத்துக்குப் பின்வரும் இவ்வறிவுரையே கொடிது என்பதைப் பனியன் அறிவார்.

சனி நள்ளிரவில் வேண்டத் தொடங்கி, விடியுமுன், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கிறான். புதிதாக எதுவும் தரப்படவில்லை. வெளியேறியதும் அவர்கள் செய்யும் முதற்பணி, பின்வருவோர் ஏமாறாதபடி அப்படியருகில் ஓர் எச்சரிக்கைத் தூணை நாட்டுவது.

பின்னர் இன்பமலைகளில் மேய்ப்பர்கள், கல்லறைகளுக்கிடையே தடவித் திரியும் குருடர்களை அவர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டுகின்றனர். அவர்கள் அதே புல்வெளியில் வழிதவறி அதே அரக்கனிடம் அகப்பட்டவர்கள், கண்கள் பிடுங்கப்பட்டவர்கள். கிறிஸ்தியானும் தோழனும் கண்ணீர் பெருக ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். மேய்ப்பர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.