நிமிரும் மின்புலம்

காலியம் ஆர்சனைடை எட்டு நானோமீட்டர் கனத்துக்குப் படியவைத்து, மேலும் கீழும் அலுமினியம் கலந்த அதே சேர்மத்தால் அடைத்தால் எலக்ட்ரான்கள் நடுவில் சிக்கிக்கொள்ளும். இதுதான் குவாண்டம் கிணறு. உள்ளே சிக்கிய எலக்ட்ரானுக்குச் சில ஆற்றல் படிகளே உண்டு. முதல் படியிலிருந்து இரண்டாவதற்குத் தாவ, சுமார் 10 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு ஒளி போதும். 1985-இல் வெஸ்ட், எக்லாஷ் என்ற ஆய்வாளர்கள் இந்தத் தாவலைக் கண்டார்கள்.

கிணற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மின்புலம் அடுக்குக்குச் செங்குத்தாக ஆடினால்தான் எலக்ட்ரான் அசையும். நேர்மேலிருந்து விழும் ஒளியின் மின்புலமோ படுத்தபடியேதான் ஆடும். எத்தனை பிரகாசமாக அடித்தாலும் கிணறு ஏறெடுத்துப் பார்க்காது. அதனால்தான் சில்லின் ஓரத்தை 45 டிகிரிக்குச் சாய்த்துத் தேய்த்து, பக்கவாட்டில் ஒளியை நுழைக்கும் வழக்கம் வந்தது. வேலை நடக்கும், அழகில்லை.

அழகு, மேற்பரப்பில் இரண்டு மைக்ரான் நீளத் தங்கக் கீற்றைப் பதிப்பதில் இருக்கிறது. படுத்து வரும் மின்புலம் தங்கத்தின் எலக்ட்ரான்களை ஒரு முனைக்கும் மறுமுனைக்குமாகத் தள்ளுகிறது. முனைகளில் குவியும் மின்னூட்டத்தின் புலக்கோடுகள் கீழே கிணற்றுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. படுத்திருந்த புலம் நிமிர்ந்துவிட்டது! கூடவே, 10 மைக்ரான் அலை அந்த முனையடியில் மிகச் சிறிய இடத்துக்குள் ஒடுங்கியும்விட்டது.

இனி கீற்றின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கீற்று ஓர் ஆன்டெனா; நீள நீள அதன் அதிர்வெண் இறங்கி, கிணற்றுத் தாவலின் அதிர்வெண்ணை நெருங்கும். இரு அதிர்வெண்களையும் கீற்றின் நீளத்துக்கு எதிராக வரைந்தால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ள வேண்டும்; வெட்டுவதில்லை. தங்கம் ஆற்றலை விரயமாக்குவதற்குள் அது ஆன்டெனாவுக்கும் கிணற்றுக்கும் இடையே கைமாறிவிட்டால், கோடுகள் விலகி வளைகின்றன. மேல்கோடு ஆன்டெனாவாகத் தொடங்கிக் கிணறாக முடிகிறது. கீழ்க்கோடு கிணறாகத் தொடங்கி ஆன்டெனாவாக முடிகிறது. ஒவ்வொரு கோட்டின் நடுப்பகுதியிலும் இருப்பது பாதி ஒளி, பாதி பொருள்: போலாரிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது இரு கோடுகளுக்கும் இடையே விழும் அந்த இடைவெளிதான். விளக்கை மங்கலாக்கினாலும் அது சுருங்காது. வெற்றிடத்தின் புலத்துடிப்பே அதற்குப் போதும். கிணற்றிலுள்ள எலக்ட்ரான்களை நான்கு மடங்காக்கினால் இடைவெளி இரு மடங்காகும். எலக்ட்ரானே இல்லாவிட்டால்? 2009-இல் குந்தர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை அதைத்தான் கேட்டது. அங்கே ஆன்டெனா இல்லை, சமதள அலைவழிதான். வெறுமையாக இருந்த கிணறுகளில் 12 ஃபெம்டோநொடி லேசர் துடிப்பால் எலக்ட்ரான்களை நிரப்பினார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த அகச்சிவப்பு அலை ஒரு ஆட்டத்தை முடிக்க முப்பது ஃபெம்டோநொடிக்கும் மேல் ஆகும். அந்த ஒரு ஆட்டம் முடிவதற்குள் ஒளி போலாரிட்டானாகியிருந்தது.