ஈயக் குண்டின் மெல்லிழுப்பு

ஈர்ப்பின் அழகைப் பார்க்க வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. 1797-இல் லண்டனை ஒட்டிய கிளாப்பமுக்கு, விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷின் தோட்டத்துக் கொட்டகைக்கு வாருங்கள். ஓரடி விட்டமுள்ள இரண்டு ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 158 கிலோ, கம்பீரமாகத் தொங்குகின்றன. அவற்றின் அருகே, ஆறடி மரக்கோலின் இரு முனைகளிலும் இரண்டு அங்குல விட்டமுள்ள சின்னக் குண்டுகள், ஒவ்வொன்றும் முக்கால் கிலோகூட இராது. கோலைத் தாங்குவது வெள்ளி பூசிய ஒற்றைச் செப்புக் கம்பி.

அந்தக் கம்பியைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். பூமி கீழ்நோக்கி இழுப்பதையெல்லாம் அது தாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் மட்டும் கோலை எளிதாகத் திரும்ப விடுகிறது. பூமியின் பிடியிலிருந்து ஈயத்தின் மெல்லிய இழுப்பைத் தனியே பிரித்தெடுக்க இதைவிட நளினமான வழி ஏது! யோசனை ஜான் மிட்செல் என்ற பாதிரியாருடையது. கருவியைச் செய்தவர், அதைக் கொண்டு அளக்கும் முன் 1793-இல் காலமானார்.

இழுப்போ சின்னக் குண்டின் எடையில் நாலைந்து கோடியில் ஒரு பங்கு. பெரிய குண்டின் நிறை இருமடங்கானால் இதுவும் இருமடங்காகும். பெரியது சின்னதைப் போல 216 மடங்கு நிறையுள்ளது. ஆனாலும் சின்னது பெரியதை இழுப்பதும் இம்மி குறையாமல் அதே அளவுதான். எவ்வளவு கண்ணியமான கணக்கு!

இவ்வளவு நுண்மைக்கு மனித உடலின் வெதுவெதுப்பே பகை; அது காற்றை அசைத்துவிடும். ஆகவே கேவண்டிஷ் அறையை மூடிவிட்டு வெளியே நின்றார். கனத்த குண்டுகளைக் கப்பி கயிற்றால் நகர்த்தினார். சுவரில் பொருத்திய தொலைநோக்கி வழியே, விளக்கொளி விழுந்த தந்த அளவுகோலைப் படித்தார். கூச்ச சுபாவத்துக்குப் பெயர்போன அவருக்கு விலகி நிற்பது பெரிய சிரமமாக இருந்திருக்காது! கோல் முனை திரும்பியது சுமார் நான்கு மில்லிமீட்டர். விறைப்பான கம்பி மாட்டியபோது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஈயம் இழுப்பதையும் பூமி இழுப்பதையும் ஒப்பிட்டு, பூமி தண்ணீரைப் போல 5.48 மடங்கு அடர்த்தி என்று 1798-இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு 5.51. பின்னாளில் வானியலாளர் பிரான்சிஸ் பெய்லி சரிபார்த்தபோது கூட்டலில் ஒரு சறுக்கல் தெரிந்தது. கேவண்டிஷின் அளவுகள் உண்மையில் தருவது 5.448. குண்டின் மூச்சளவு இழுப்பைப் பிடித்தவர் எளிய கணக்கில் தவறியதை எண்ணினால், அவர்மேல் பிரியம் கூடவே செய்கிறது.